படம் பார்க்கிற சாமான்

எங்கள் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் டிவி சத்தம் குறையும். டேப்லெட்டைத் திறந்தால் பிள்ளைகள் ஓடி வரும். நான் டிப்ளோமா படித்த கதை இவ்வளவுதான். ஆனாலும் விலாவாரியாகச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது அடங்கும்.

லேப்டாப் என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் வரிசை வீடுகளில் ஒன்றில் மாமனார், மாமியாரோடு இரண்டு குடும்பமும் ஒன்றாக இருக்கிறோம். அக்காவுக்கு ஈப்போ டவுனில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. எனக்கு எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் பாலர் பள்ளியில் வேலை. ஐந்து வயதுப் பிள்ளைகள் என் வகுப்பு. அக்காவின் அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். என் அப்பா தெலுக் இந்தான் பக்கம் ஓர் எஸ்டேட்டில் முதலில் ரப்பர் மரம் சீவினார், பிறகு அதே மண்ணில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார். இதையெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசவே வேண்டாம். அக்காவுக்குத் தேநீர் வரும் கோப்பையைப் பார்த்தாலே தெரியும்.

டிப்ளோமா இல்லாதவர்களுக்கு இனி தனி வகுப்பு கிடையாது, உதவியாளராகத்தான் இருக்கலாம் என்று பாலர் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். உதவியாளர் என்றால் பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போவது, பால் கலக்குவது, இன்னொருத்தி பாடம் நடத்துவதை ஓரமாக நின்று பார்ப்பது. அந்த வகுப்பறையின் சுவரில் இருக்கும் ஒவ்வொரு காகிதப் பூவும் நான் வெட்டி ஒட்டியது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் வார இறுதியில் இணையத்தில் வகுப்பு நடத்தும் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன்.

லேப்டாப் வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பார்சல் வேன் ஓட்டுகிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரன் சொல்வதே அவருக்கு வேதம். கடைக்காரச் சீனர் டேப்லெட் ஒன்றை எடுத்து நீட்டி, "சாமா சாஜா, செமுவா போலே" என்றார். எல்லாம் ஒன்றுதான், இதிலேயே எல்லாம் செய்யலாம் என்று அர்த்தம்.

"போதும்ல? படிக்கலாம், எழுதலாம், புள்ளைங்களும் கார்ட்டூன் பாத்துக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

போதும். இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்கு லேப்டாப் வாங்கியபோது போதுமா என்று யாரும் கேட்கவில்லை. நல்லதா என்று கேட்டார்கள். எனக்கு மட்டும் எல்லாமே போதும் என்ற அளவில்தான் வந்து சேர்கிறது.

டேப்லெட்டைக் குறை சொல்ல மாட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. கைப்பையில் போட்டு வகுப்புக்கே கொண்டுபோனேன். பிள்ளைகள் கத்தரிக்கோல் பிடிப்பதையும், பென்சிலை முஷ்டியில் பிடித்துக் கிறுக்குவதையும் அங்கேயே படம் பிடித்து, அதன் மேலேயே விரலால் வட்டம் போட்டுக் குறிப்பு எழுதினேன். பாடப் புத்தகங்களைப் பேருந்தில் படித்தேன், படுத்துக்கொண்டு படித்தேன், சோறு வேகிற நேரத்தில் படித்தேன். அக்காவின் லேப்டாப்பால் இதில் ஒன்றும் ஆகாது. அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் அவளுக்கே மயக்கம் வரும்.

ஆனால் எழுத உட்கார்ந்தால்தான் அதன் லட்சணம் தெரியும். கண்ணாடி மேல் விரலால் தட்டித் தட்டிப் பத்து வரி எழுதுவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், ஒட்டுகிற விசைப்பலகை ஒன்று வாங்கினேன். நான் ஒரு சொல்லை அடித்து முடித்தபிறகு அது யோசித்து யோசித்து எழுத்தைக் காட்டும். கட்டம் போட்ட அட்டவணை செய்து அனுப்பினால் விரிவுரையாளரிடம் போய்ச் சேரும்போது கட்டம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். ஒரு பக்கம் புத்தகத்தையும் மறு பக்கம் கட்டுரையையும் வைத்தால் இரண்டும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும். என் மேசை, மாடி அறையில் இருக்கும் துணி தேய்க்கிற பலகை. உயரத்தை ஏற்றி இறக்கலாம் என்பதால் அதுவே வசதி. துணி தேய்க்க வேண்டிய அன்று மட்டும் படிப்புக்கு விடுமுறை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு.

அக்கா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறப்பாள். விசைகள் டக் டக் என்று ஓட ஆரம்பிக்கும். உடனே மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "பாவம், வேல செய்யிறா" என்பார். தேநீர் போகும். பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் மாமனார் பிடித்துக்கொள்வார். நான் அதே கூடத்தில் சோபாவில் டேப்லெட்டோடு உட்கார்ந்து குழந்தை உளவியல் படித்துக்கொண்டிருப்பேன். மாமியார் என்னைப் பார்த்து, "என்னம்மா, படமா பாக்குற? அந்தத் துணிய மடிச்சிடேன்" என்பார்.

அவர் மேல் தப்பில்லை. அவர் கைப்பேசியில் தொடர் பார்ப்பதும் இதே மாதிரி குனிந்துதான், விரலால் தள்ளித்தான். டக் டக் சத்தம் வந்தால் வேலை. சத்தமில்லாமல் விரலை இழுத்தால் படம். இது அவர் கணக்கு. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அக்கா லேப்டாப்பில் சேலைக் கடைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில்கூட அவளுக்குத் தேநீர் போனது. நானே கலக்கிக் கொண்டுபோய் வைத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அப்புறம் சொன்னாள். மறக்கவில்லை.

படிப்பின் கடைசிக் கட்டமாக நேர்முக விளக்கம் ஒன்று இருந்தது. வகுப்பில் செய்த வேலையை இணையத்தில் விரிவுரையாளருக்கு விளக்கிக் காட்ட வேண்டும். முகம் தெரிய வேண்டும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறினால் டிப்ளோமா, என் வகுப்பு எனக்கு. தவறினால் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டும், அதுவரை என் பிள்ளைகளுக்கு வேறு ஆசிரியை. கல்லூரி கொடுத்த நாள் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அன்றைக்கு சரஸ்வதி பூசை. கல்லூரிக்கு அது தெரியாது, எனக்கும் நாளை மாற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் வீட்டில் பூசை காலையிலேயே நடக்கும். மாமியார் பலகை போட்டு, மஞ்சள் துணி விரித்து, பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினார். மாமனாரின் ஸ்பேனர் பெட்டி வந்தது. வேன் சாவி வந்தது. சமையல் கத்திகூட வந்தது. நடுவில், சாமி படத்துக்கு நேர் முன்னால், அக்காவின் லேப்டாப். மூடிய மேல்பக்கத்தில் அழகாகச் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்தி.

நான் சுண்டல் கிண்ணத்தோடு நின்றேன். என் டேப்லெட் சோபாவில் தலையணைக்கு அடியில் கிடந்தது.

"அத்தை, என்னுதையும் வைக்கணும்" என்றேன்.

"எதம்மா?"

"டேப்லெட்."

"அது எதுக்கு? படம் பாக்குற சாமான்தானே. டிவியையும் தூக்கிட்டு வந்து வைக்கிறதா?" என்று சிரித்தார். மாமனாரும் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அது என் புத்தகம் அத்தை. நான் படிக்கிறது பூரா அதுலதான் இருக்கு. புள்ளைங்க புத்தகத்த வெச்சீங்கல்ல, இதையும் வைங்க" என்று சொல்லிக்கொண்டே தலையணையை உதறி எடுத்து, லேப்டாப்பை ஒரு விரற்கடை தள்ளி, பக்கத்தில் வைத்தேன். ஒரு விரற்கடைதான் தள்ளினேன். மனசுக்கு ஒரு முழம் தள்ளிய நிம்மதி.

மாமியார் சந்தனத்தைத் தொட்டு, டேப்லெட்டுக்கு எது நெற்றி என்று பார்த்தார். மேல் விளிம்பில் நட்டநடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அதுதான் நெற்றி என்று முடிவு செய்து, அதன் மேலேயே தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்தார். அது முகத்தைப் படம் பிடிக்கும் கேமரா. எனக்கு அப்போது அது தோன்றவேயில்லை. இரண்டுக்கும் ஒன்றாகக் கற்பூர ஆரத்தி காட்டியதைப் பார்த்து நெஞ்சு நிறைந்து நின்றுகொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்து இலையை எடுத்துப் போட்டபோதுதான் மூன்று மணி ஞாபகம் வந்தது. பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடிந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. இது எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் அந்த ஒரு நாளுக்காகவே சாமியைக் கும்பிட்டவள் நான். வீம்பில் புத்தி வேலை செய்யவில்லை. ஆப்பு அசைத்த குரங்கு என்று சொல்வார்களே, வேறு யாரையும் தேட வேண்டாம். கைப்பேசி இருந்தது. ஆனால் வகுப்பில் எடுத்த படம், குறிப்பு, விளக்கப் பக்கம் எல்லாமே டேப்லெட்டுக்குள் இருந்தன.

மாமியாரிடம் போய் நின்றேன். "அத்தை, மூணு மணிக்கு எனக்குப் பரீட்சை மாதிரி. டேப்லெட்ட எடுத்துக்கவா?"

"சாமிகிட்ட வெச்சதையா? நாளைக்குக் காலையிலதான். அவங்ககிட்ட நாளைக்கு வாரேன்னு சொல்லிப் பாரேன்."

"சொல்ல முடியாது அத்தை. இன்னிக்கி விட்டா என் கெளாஸ் போயிடும்."

அவர் உண்மையிலேயே யோசித்தார். கல்நெஞ்சக்காரி இல்லை. பலகையைப் பார்த்துவிட்டு, வழி கண்டுபிடித்த முகத்தோடு திரும்பினார். "படிக்கிறதுன்னாதான்மா இன்னிக்கி தொடக்கூடாது. படம் பாக்குற சாமான்னா எடுத்துக்க, தப்பில்ல. நீதான் சொல்லணும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காலையில் எல்லார் முன்னாலும் அது என் புத்தகம் என்று சண்டை போட்டு வைத்தவள் நான். இப்போது இல்லை என்று சொன்னால்தான் அது என் கைக்கு வரும்.

அதற்குள் அக்கா வந்தாள். "என்னோடத எடுத்துக்க லா. டேப்லெட்ட எடுக்க வேணாம், வெச்ச எடத்துலயே தட்டி உன் ஃபைல்லாம் இதுக்கு அனுப்பிடு, நான் காட்டுறேன். ஈசிதான்" என்று சொல்லி, செம்பருத்தியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பில் கை வைத்தாள். மாமியார் தடுக்கவில்லை. "அவசரம்னா என்ன செய்யிறது, சாமி கோவிச்சுக்க மாட்டா" என்றார். என்னுடையதை எடுத்தால் சாமி குற்றம், அவளுடையதை எடுத்தால் சாமிக்கே அவசரம் புரிகிறது.

அந்த லேப்டாப்பில் செய்திருந்தால் விளக்கம் நன்றாக நடந்திருக்கும். எனக்கே தெரியும். ஆனால் அந்த விசைகளில் என் விரலை வைத்தால், இத்தனை நாள் துணி தேய்க்கிற பலகை முன்னால் நின்று படித்ததெல்லாம் விளையாட்டு என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அதைவிட இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அது என்னால் ஆகாது.

"வேணாக்கா" என்றேன். மாமியாரைப் பார்த்தேன். "ஆமா அத்தை, படம் பாக்குற சாமான்தான். எடுத்துக்கிறேன்."

"அதத்தானே நான் காலையிலேயே சொன்னேன்" என்றார் மாமியார்.

மாடிக்குப் போய் டேப்லெட்டைத் துணி தேய்க்கிற பலகையில் நிறுத்தினேன். துப்பட்டாவால் சந்தனத்தைத் துடைத்தேன். மூன்று மணிக்கு விரிவுரையாளர் திரையில் வந்தார். என் முகத்தைப் பார்த்து, அங்கே புகைமூட்டமா என்று மலாயில் கேட்டார். மஞ்சள் மூட்டத்துக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். மறுபடி துடைத்தேன். குங்குமம் பரவி மஞ்சள் மூட்டம் சிவப்பானது. ஈரத்துணி எடுத்து வந்து துடைத்தபிறகுதான் மனித முகம் தெரிந்தது.

விளக்கப் பக்கத்தைத் திறந்தால் என் முகம் மறைந்தது. "புவான், எங்கே போனீர்கள்?" என்றார். புவான் என்றால் அம்மணி. முகத்துக்குத் திரும்பினால் பக்கம் மறைந்தது. கேமரா ஓடும்போது இந்த டேப்லெட்டுக்கு இரண்டையும் ஒன்றாகக் காட்டத் தெரியாது. கீழே டக் டக் சத்தம் கேட்கவில்லை. அக்கா என் பிள்ளைகளையும் அவள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விளையாட்டுத் திடலுக்குப் போயிருந்தாள், எனக்கு அமைதி வேண்டும் என்று. அதையும் யாரும் கேட்டு அவள் செய்யவில்லை. அந்த நேரத்திலும் எனக்குக் கடுப்புதான் வந்தது.

கடைசியில் விளக்கப் பக்கத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, வாயால் சொன்னேன். இந்தப் பெண் பிள்ளை கத்தரிக்கோலைத் தலைகீழாகப் பிடிக்கிறாள், பாருங்கள். கட்டை விரல் மேலே வர நான் அவள் நகத்தில் ஒரு பொட்டு வரைந்தேன், பொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன், இதோ இப்போது நேராக வெட்டுகிறாள். படத்தின் மேல் விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். விரிவுரையாளர் அதன்பிறகு என் முகத்தைத் தேடவில்லை. வகுப்பிலேயே, அந்த நிமிடத்திலேயே எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டார். கையில் தூக்கிக்கொண்டு போனேன் என்றேன். நல்லது, மிக நல்லது என்று எழுதிக்கொண்டார்.

தேறிவிட்டேன். வகுப்பு என்னுடையதாகவே இருந்தது. முடிவு வந்த வாரம் மாமியார் கேசரி கிண்டி, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டார். மனசு குளிர்ந்து கேசரித் தட்டை நானே நீட்டிக்கொண்டிருந்தேன்.

"சின்ன மருமக டிப்ளோமா முடிச்சிட்டா. வேலைக்கும் போய்ட்டு, புள்ளைங்களையும் பாத்துக்கிட்டு" என்றார் மாமியார். எனக்குக் கண் கலங்கியது. "எல்லாம் பெரியவளோட லேப்டாப்புலதான் படிச்சா. நம்ம வீட்டுல ஒத்தும அப்படி."

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "இல்ல அத்தை, என்னோடத அவ தொடவே இல்ல. பூரா அவளோட டேப்லெட்டுலதான் படிச்சா. நான் ஒண்ணுமே செய்யல."

மாமியார் அவளைப் பெருமையாகப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தொடையைத் தட்டி, "பாத்தியா? செஞ்சத வெளிய சொல்லிக்கவே மாட்டா. வளத்த வளப்பு அப்படி" என்றார். எல்லாரும் அக்காவைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவள் சொன்னது சத்தியமான உண்மை. அதைச் சொன்ன புண்ணியமும் அவளுக்கே போனது. அவளுக்கு இரண்டாம் முறை கேசரி வைத்ததும் நான்தான்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அடுத்து பட்டப் படிப்பு, விண்ணப்பம் திறந்திருக்கிறது, இந்த முறை ஒரு லேப்டாப் வாங்கிக்கொடுங்கள் என்று. அவர் அம்மாவைப் போல இல்லை. நான் எதில் படித்தேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அதான் டேப்லெட்டுலயே பாஸ் பண்ணிட்டியே லா" என்றார், முகமெல்லாம் பெருமையாக. "அப்புறம் எதுக்கு லேப்டாப்பு? கடக்காரன் அன்னிக்கே சொன்னான்ல, இதுவே போதும்னு."

லேப்டாப் இல்லாமல் முடியாது என்று காட்ட நான் தோற்றிருக்க வேண்டும். கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து டேப்லெட்டில் பட்டப் படிப்பு விண்ணப்பத்தைத் திறந்தேன். மேல் விளிம்பில், கேமராவைச் சுற்றி, ஒரு மஞ்சள் கோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. சாப்பாட்டு மேசையில் அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். டக் டக் டக். மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீயும் அந்தப் படத்தோட சத்தத்தக் கொஞ்சம் கொறச்சிக்க. அக்கா வேலையா இருக்கால்ல."

என் டேப்லெட்டில் சத்தமே இல்லை. இருந்தாலும் ஓரத்துப் பொத்தானை அழுத்திக் குறைத்தேன்.